ஃபேன் நிக்கிற வரைக்கும்

அந்தச் சத்தம் கேக்குதுங்களா? சன்னலுக்கு அந்தப் பக்கம் உஸ்ஸுன்னு ஒண்ணு ஓடுதில்ல, அதுதானுங்க. என்ற வண்டி. வண்டி நின்னிருச்சு, இஞ்சின் நிக்கல. முன்னால ரேடியேட்டர் ஃபேன் சுத்திட்டிருக்குது. அது நின்னப்பறம்தான் சாவியத் திருப்புவா. என்ற சம்சாரம், கோகிலாமணி. அது வரைக்கும் சீட்டை உட்டு இறங்க மாட்டா. அதனாலதான் வாட்ச்மேன் என்னைய இந்த வீல்சேர்ல வெச்சுத் தள்ளிட்டு வந்து உங்க பக்கத்துல உட்டுட்டுப் போனான்.

நீங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தீங்களா? மூட்டு வலிங்களா. சரி சரி, இந்தப் பிசியோதெரபியில கரண்டு வெச்சா வலி கொஞ்சம் கேக்கும். எனக்கு எடது பக்கம் பூராவும் போச்சுங்க. கை, காலு ரெண்டும். வாய் கோணியிருந்தது, அது மட்டும் நேராயிருச்சு. அதுவும் போயிருந்தா என்ற கதைய ஆரு சொல்றது.

ஒண்ணுக்குப் போகோணுமாட்ட இருக்குதுங்க. பரவால்ல, அவ வந்துருவா. அந்த நர்ஸ் பொண்ணுகிட்டச் சொல்ல வெக்கமா இருக்குது, நம்ம பொண்ணு வயசு. அடக்கிக்கலாம். இப்ப ஃபேன் நின்னுரும்.

ஏன் நிக்கோணும்னு கேக்கறீங்களா? உங்குளுது என்ன வண்டி? பைக்குங்களா. அப்ப உங்குளுக்கு இந்தத் தொந்தரவு இல்ல. இது டர்போ வண்டி. இஞ்சின்ல இருந்து வெளிய போற பொகையே ஒரு காத்தாடியச் சுத்தி, உள்ளுக்குக் காத்தை அழுத்தித் திணிக்கும். அதுனாலதான் அந்த இழுப்பு. அடுப்பாட்ட காயும் அது. ஓட்டிட்டு வந்தவுடனே சட்டுனு ஆஃப் பண்ணினா ஆயில் வரத்து நின்னு உள்ள கருகிப்போகும். இதை அவளுக்குச் சொல்லிச் சொல்லி என்ற தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. 'ஃபேன் நிக்கிற வரைக்கும் ஆஃப் பண்ணாத, ஆஃப் பண்ற வரைக்கும் இறங்காத.' அடியாத மாடு படியாதும்பாங்க. ஆனா நான் கை நீட்டுனதில்லீங்க, நம்புங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு அடி அடிச்சதில்ல. வாயாலயே படிய வெச்சுட்டேன்.

நமக்குக் காங்கயம். கொப்பரைக் களம், எண்ணெய் மில்லு. மில்லு சென்னியப்பன்னு கேட்டா ஊருக்குள்ள ஆரும் சொல்லுவாங்க. எனக்குச் சக்கரை, கண்ணு மங்கல், வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. டிரைவர் வெச்சுப் பாத்தேன், ஒருத்தனும் நிக்கல. கிளட்ச்சு மேல கால வெச்சுட்டே ஓட்டறான், கேட்டா மூஞ்சியத் தூக்கறான். அப்பறம்தான் அவளையே ஓட்டப் பழக்கி லைசென்ஸும் வாங்கி வெச்சேன். நான் பின்னால உக்காந்துக்குவேன். கண்ணு மங்கல்னாலும் காது மங்கல் இல்லீங்க. எந்த கியர்ல எந்தச் சத்தம் வரோணும்னு எனக்குத் தெரியும். மாறினா பின்னால இருந்தே சொல்லுவேன். சொல்லீட்டேதான் இருப்பேன்.

வண்டிய நான் பாத்துக்கிட்டது எப்பிடின்னு நெனைக்கறீங்க. கம்பெனிக்காரன் ரேடியேட்டர்ல ஊத்தறதுக்குப் பச்சையா ஒரு தண்ணி விக்கறான், கூலண்டுன்னு பேரு. நான் வாங்கினதே இல்ல. சும்மா சாயம் போட்ட தண்ணிக்கு ஒரு வெலை. நம்ம களத்துல போர்வெல் இருக்குது, பாறைத் தண்ணி, இனிக்காது, கொஞ்சம் கடுக்கும். ஆனா தெடமான தண்ணி. குடத்துல புடிச்சு வெச்சா அடியில வெள்ளையாப் படியும், அவ்வளவு சத்து. அதைத்தான் நானே நின்னு ஊத்துவேன். அப்பிடிப் பாத்துக்கிட்ட வண்டிங்க. அதைத்தான் அவ ஒரே நாள்ல கெடுத்துப்போட்டா.

அவளுக்கு ஒரு தம்பி, ரத்தினமூர்த்தி. ஈரோட்டுல ஆஸ்பத்திரியில கெடந்தான். கிட்னி ரெண்டும் போச்சு, ரத்தம் சுத்திகரிச்சுட்டு இருந்தாங்க, அதுவும் பத்தாம ஆயிருச்சு. அப்பனாத்தா இல்லாத பையனை இவதான் இடுப்புல வெச்சு வளத்தினவ. அவன் கல்யாணத்துக்கு இணைச்சீர் செஞ்சதும் இவதான். அந்தச் சீருக்குக் கூடப்பொறந்தவ பக்கத்துல நின்னாத்தான் எங்க பக்கம் மாப்பிள்ளையே மாப்பிள்ளை. அந்தப் பாசம் இருக்கும், நான் இல்லேங்கல. 'ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்துர்றனுங்க'ன்னா. சரி போன்னேன். வண்டியவே எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். எந்தப் புருசன் சொல்லுவான்?

அறச்சலூர் தாண்டிப் போயிட்டா. அங்கிருந்து ஈரோடு கிட்டத்துல. நான் களத்துல யாவாரிங்களோட உக்காந்திருக்கேன், போன் வருது. 'ஏனுங்க, சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போயிருச்சுங்க, ஓரமா நிறுத்தட்டுங்களா.' பாருங்க, வேற ஒருத்தியா இருந்தா நிறுத்திப்போட்டுப் போன் பண்ணுவா. இவ கேக்கறா. கேட்டதுக்கு நான் சொன்னேன், 'நடுரோட்டுல நிறுத்தி, போறவன் வாறவனெல்லாம் சென்னியப்பன் வண்டி நின்னுபோச்சுன்னு பேசறதுக்கா? அங்க எவன் கிட்டயும் காட்டாத. திருப்பிட்டு வூட்டுக்கு வா.'  'ஈரோடு பக்கத்துலதானுங்க, போயி அங்கயே...' ன்னு இழுத்தா. 'திருப்புன்னா திருப்பு'ன்னு வெச்சுட்டேன்.

திருப்பிட்டா. நத்தக்காடையூர் வரைக்கும் இழுத்துட்டு வந்தா, அங்க நின்னுபோச்சு. பின்னால வெள்ளையாப் பொகை, முன்னால கொதிச்ச தண்ணி. மில்லு ஆளு டிராக்டரை ஓட்ட, நானும் கூடப் போயி கவுறு கட்டி இழுத்துட்டு வந்தோமுங்க. அவளை ஸ்டீரிங்ல உக்காத்தி வெச்சேன், கடைவீதி வழியாவே கூட்டிட்டு வந்தேன். பைபாஸ்ல வந்திருக்கலாம், ஆனா அவளுக்கு உரைக்கோணுமில்ல. பூக்கடை, டீக்கடை எல்லாரும் எந்திரிச்சுப் பாத்தாங்க. குனிஞ்சிட்டா. 'தலைய நிமித்தி ஓட்டு, ரோடு தெரியோணுமில்ல'ன்னு டிராக்டர்ல இருந்து கத்தினேன்.

நீங்களே சொல்லுங்க. வான்னு சொன்னேன், இல்லேங்கல. கொதிக்கற இஞ்சினோட வான்னா சொன்னேன்? சொந்த புத்தி வேண்டாமுங்களா? சொன்னதை அப்பிடியே செய்யறதுக்குப் பொண்டாட்டி எதுக்கு.

இன்னும் ஓடுது பாருங்க ஃபேன். வெயில் சாஸ்தி இன்னைக்கு.

லாரன்சுன்னு ஒரு மெக்கானிக். இந்தத் திருப்பூர்லதான், ஊத்துக்குளி ரோட்டுல பட்டறை வெச்சிருக்கான். ஆயில் கம்பிய உருவிக் காமிச்சான். ஆயிலா அது? மோராட்ட வெளுத்திருந்தது. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்துபோச்சு. 'ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க'ன்னான். இஞ்சின் ரெண்டு பாதி. மேல் பாதி ஹெட்டு, கீழ் பாதி பிளாக்கு. நடுவுல ஒரு தகடு வெச்சு அழுத்திப் பூட்டியிருப்பான், அதுதான் கேஸ்கெட்டு. நாலு சிலிண்டருக்கு நாலு பெரிய ஓட்டை, சுத்தியும் தண்ணிக்கும் ஆயிலுக்கும் பொடிப் பொடியா ஓட்டை. அது இருக்கற வரைக்கும் அததும் அதது வழியில போகும். ஹெட்டைத் தூக்கிப் பாத்தா ரெண்டாவது ஓட்டைக்கும் மூணாவது ஓட்டைக்கும் நடுவுல கருகி அத்துப்போயிக் கெடக்குது. ஹெட்டும் சூட்டுல வளைஞ்சிருச்சு. பிஸ்டன் கீறல். டர்போவோட தண்டு ஆடுது. பூராவும் பிரிச்சுப் புதுசாக் கட்டோணும்னான்.

அவன் என்னமோ ஹெட்டைத் திருப்பி என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டினான். தண்ணி போற ஓட்டையெல்லாம் வெள்ளையாச் சுண்ணாம்பு பூத்து அடைஞ்சிருக்குது, அலுமினியம் அங்கங்க பல்லு சொத்தையாட்ட அரிச்சிருக்குது. 'உப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்கங்க, இது ரெம்ப நாளாவே...' ன்னு ஆரம்பிச்சான். 'ஏம்ப்பா, அந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கறோம், எங்குளுக்கென்ன அரிச்சா போச்சு'ன்னேன். கூட நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவன் தலையக் குனிஞ்சுட்டான், அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல. அவ மட்டும் அந்த ஓட்டைக்குள்ள வெரல உட்டு, அந்த வெள்ளைய நகத்துல கிள்ளி எடுத்துப் பாத்துட்டே நின்னா. என்ன புரிஞ்சுதோ.

அங்கயே சொல்லிப்போட்டேன். 'இஞ்சின் கட்டி முடியற வரைக்கும் ஈரோடும் இல்ல, எங்கயும் இல்ல. எந்த வண்டியக் கெடுத்தியோ அந்த வண்டியிலயேதான் உன்ற தம்பியப் போயிப் பாக்கோணும்.' பஸ்ஸுல போறேன்னா. கூடாதுன்னேன். கார் வெச்சுக்கிட்டுப் பொண்டாட்டிய பஸ்ஸுல உடறதா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க. கெஞ்சினா, அழுதா. அவன் 'அக்காளைப் பாக்கோணும்'னு கேட்டுட்டே இருக்கறானாமா. 'லாரன்சுகிட்டச் சொல்லு, சீக்கிரம் கட்டுவான்'னு சொன்னேன். அதுக்கப்பறம் கேக்கறதை நிறுத்திட்டா.

தெனமும் டாக்சி வெச்சு அவளைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சேன். என்ன கெட்டுதுன்னு பாக்கட்டும். ஒவ்வொரு சாமானா லாரன்சை விட்டு அவ கையில குடுக்க வெச்சேன். 'இது என்ன சொல்லு, இது ஏன் போச்சு சொல்லு.' சொல்லுவா. தப்பாச் சொன்னா பசங்க சிரிப்பாங்க, மறுபடி சொல்லுவா. நல்லாக் கத்துக்கிட்டா, அதையும் சொல்லோணும். ஹெட்டு போல்ட்டை எதுக்கு நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிய வெளியப் போயி முறுக்கறாங்க, ஒரே மூச்சா முறுக்காம எதுக்குச் சுத்துச் சுத்தா ஏத்தறாங்க, கேளுங்க அவளை, இப்பவும் சொல்லுவா. ஒரு ஓரமா அழுத்தினா இன்னொரு ஓரம் தூக்கிக்கும், தூக்கின எடத்துல என்னைக்கோ ஒருநாள் வெடிக்கும். அவ சொன்னதுதான் இது, லாரன்சுகிட்ட.

ஹெட்டுல பதினாறு வால்வு. காத்தும் பொகையும் போயிட்டு வர்ற கதவுங்க. அது ஒக்கார்ற எடத்துல பசையத் தடவி, கையால அக்கட்டயும் இக்கட்டயும் உருட்டி உருட்டித் தேய்க்கோணும், ஒரு பொட்டுக் காத்து ஒழுகாத அளவுக்கு. பட்டறைப் பசங்க செய்யற வேலை. நான் சொன்னேன், 'அவளே தேய்க்கட்டும். ஆட்டாங்கல்லு சுத்தின கைதானே.' லாரன்சு 'வேண்டாமுங்க, கையெல்லாம் வெந்துரும்'னான். 'வேகட்டும்'னேன். சீலைய இழுத்துச் சொருகிட்டு உக்காந்தா. உள்ளங்கையெல்லாம் கொப்புளம் கெளம்பி ஒடைஞ்சு, அது மேலயே தேச்சா. நான் எதுத்தாப்புல சேர் போட்டு உக்காந்து பாத்துட்டு இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பாக்கப் பாக்க மனசுக்கு ஒரு நெறைவா இருந்துச்சு.

கடைசி வால்வு தேச்சுட்டு இருக்கறா, அப்பத்தான் ஈரோட்டுல இருந்து போன். அவன் போயிட்டான்.

அழுவான்னு பாத்தேன். அழல. போனைக் கீழ வெச்சா, மிச்சம் இருந்ததைத் தேச்சு முடிச்சா. பெட்ரோல் ஊத்திப் பாத்தான் லாரன்சு, பதினாறுல ஒண்ணுகூட ஒழுகல. அவனே அசந்துட்டான். நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன் இதை. செத்த சேதி வந்தும் எடுத்த வேலைய முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சா. பொம்பளைன்னா அப்பிடி இருக்கோணும்.

எழவுக்குப் போனமுங்க. போகாம இருப்பனா, நான் என்ன கல்நெஞ்சக்காரனா? டாக்சி புடிச்சுப் போனோம். அவன் சம்சாரம் இவளக் கட்டிக்கிட்டு, 'ரெண்டு நாளாக் கதவையே பாத்துட்டுக் கெடந்தாரு அண்ணி, ஆரு வந்தாலும் நீங்கதானான்னு தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு'ன்னு ஒரே ஒப்பாரி. நான் சித்த நேரம் உக்காந்துட்டு, எடுக்கறதுக்கு முந்தியே கெளம்பலாம்னேன். லேத்துல இருந்து பிளாக்கு வர்ற நாள், நான் இல்லாட்டி மாத்திப்போடுவான். அவளும் எந்திரிச்சு வந்துட்டா. வழி பூராவும் ஒரு கண்ணுத்தண்ணி இல்ல. திருந்திட்டான்னு நெனச்சேன்.

அந்தக் கருகின கேஸ்கெட்டு இருக்குதில்ல, அதைத் தூக்கிப்போட உடல நான். கழுவித் தொடச்சு எடுத்துட்டு வந்து சமையக்கட்டுல, அடுப்புக்கு நேரா, ஆணியடிச்சு மாட்டிப்போட்டேன். நாலு ஓட்டையும் நாலு கண்ணாட்ட அவளையே பாக்கும். காப்பி வெக்கும்போதெல்லாம் நெனப்பு வரோணுமில்ல. அவ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதையும் தொடச்சு வெச்சா.

இஞ்சின் கட்டி முடிஞ்ச அன்னைக்குப் பட்டறையிலயே பூசை போட்டோம். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில. ஒரே சுத்துல புடிச்சுது பாருங்க, என்ன சத்தம். பட்டுத்துணி கிழியறாப்பல. லாரன்சு சொன்னான், 'புது ரிங்கு, புது பேரிங்கு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ரன்னிங்-இன், பழக்கற காலம், நாப்பதுக்கு மேல போகாதீங்க, அழுத்தாதீங்க'ன்னு. அவளைக் கூப்பிட்டேன். கற்பூரம் எரியுது. 'இது மேல கைய வெச்சுச் சொல்லு'ன்னேன். என்ன சொல்லோணும்னா. 'ஆரு சாகக் கெடந்தாலும் நாப்பதுக்கு மேல போகமாட்டேன்னு சொல்லு.' லாரன்சு முன்னால, பசங்க முன்னால, கொப்புளம் ஆறாத கையக் கற்பூரத்து மேல நீட்டிச் சொன்னா. 'ஆரு சாகக் கெடந்தாலும் நாப்பதுக்கு மேல போகமாட்டனுங்க.' தெளிவாச் சொன்னா. பசங்க ஒருத்தனும் சிரிக்கல.

உங்க அம்மாவக் கூப்பிடறாங்களா? இல்லீங்களா, அது வேற ஆரோ. உக்காருங்க, உக்காருங்க. கொஞ்சம்தான் பாக்கி.

அப்பறம் ஒருநாள் காலையில காப்பி குடிச்சுட்டு இருக்கேன். டம்ளர் கையில இருக்குது, ஆனா கை அங்க இல்லாத மாதிரி. டம்ளர் உழுந்துருச்சு. என்னன்னு கேக்க வாயெடுத்தா நாக்கு மடங்கிக்கிச்சு. அவ சமையக்கட்டுல இருந்து வந்து பாத்தா. பதறல. மில்லு ஆளுங்க ஓடி வந்தாங்க, 108-க்குப் போன் பண்றோம்னாங்க. அவ சொன்னா, 'அவருக்கு அடுத்தவங்க வண்டி ஆகாது. காரை வெச்சுக்கிட்டு ஆம்புலன்சுல போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க.' நான் சொல்றதுதான் அது, எழுத்துப் பெசகாமச் சொன்னா.

பின் சீட்டுல தூக்கிப் போட்டாங்க. அவ வந்து உக்காந்து கெளப்புவான்னு பாக்கறேன். பானெட்டைத் தூக்கறா. ஆயில் கம்பிய உருவித் தொடச்சுப் பாக்கறா. தண்ணி பாக்கறா. டயரைப் பாக்கறா. காலையில வண்டி எடுக்கறதுக்கு முந்தி இதெல்லாம் பாக்கோணும்னு நான் சொல்லிக் குடுத்தது. அப்பறம் கெளப்பி, முள்ளு மேல வர்ற வரைக்கும் அப்பிடியே நிறுத்தி வெச்சா. அதுவும் நான் சொன்னதுதான்.

கோயமுத்தூர் போகோணும். நல்ல ரோடு. நாப்பதுலயே போறா. லாரி தாண்டுது, பஸ்ஸு தாண்டுது, பால்வண்டி தாண்டுது. மொபட்டுல ஒரு கெழவன் தாண்டிப் போயித் திரும்பிப் பாக்கறான். எனக்குக் காலு இருக்கற எடம் தெரியல. பயமா இருந்துச்சுங்க. இந்த வயசு வரைக்கும் நான் அப்பிடிப் பயந்ததில்ல. வேகமாப் போன்னு சொல்ல வாய் வரல, எச்சல்தான் ஒழுகுது. நல்லா இருக்கற கையால முன் சீட்டைத் தட்டறேன், தட்டறேன். கண்ணாடியில என்னையப் பாத்தா. 'நாப்பதுலதானுங்க இருக்குது. கவலப்படாதீங்க'ன்னா. அவ்வளவு பதமாச் சொன்னா, கொழந்தைகிட்டச் சொல்றாப்பல. மறுபடி தட்டினேன். 'சத்தம் நல்லாத்தானுங்க வருது, கேளுங்க'ன்னா.

பல்லடம் தாண்டினப்பறம் அவளாவே ஒண்ணு சொன்னா. 'ரெண்டு நாளாக் கதவையே பாத்துட்டுக் கெடந்தானாமுங்க.' அவ்வளவுதான். அந்த நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு? பொம்பளைங்க மனசு எப்ப எங்க போகும்னு ஆரு கண்டா.

ஆஸ்பத்திரி வாசல். எதுத்தாப்புல வெள்ளை டிரெஸ் போட்டவங்க நிக்கறாங்க, ஸ்ட்ரெச்சர் நிக்குது, கையெட்டற தூரம். அவ மரத்தடியா நிழல் பாத்து நிறுத்தினா. நியூட்ரல் போட்டா. ஹேண்ட்பிரேக் இழுத்தா. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டா. ஃபேன் ஓடுது. நான் அவ பொடனியப் பாத்துட்டே கெடக்கறேன். அவ முன்னாலயே பாக்கறா. ஸ்ட்ரெச்சர்ல வேற ஆரையோ ஏத்தி உள்ள கொண்டு போறாங்க. ஃபேன் ஓடுது. கதவையும் பாத்தேன், ஆராச்சும் தொறக்க மாட்டாங்களான்னு. ஒருவழியா ஃபேன் நின்னுச்சு. சாவியத் திருப்பினா. இறங்கினா. சீலையச் சரி பண்ணினா. நடந்துதான் போனா, ஓடல.

டாக்டர் கேட்டாரு, எத்தனை மணிக்கு வந்துச்சு, ஏன் இவ்வளவு லேட்டுன்னு. கொஞ்சம் முன்னால வந்திருந்தா ஊசி போட்டுக் கை காலைக் காப்பாத்தியிருக்கலாமாமா. அவ சொன்னா, 'வண்டி ரன்னிங்-இன்ல இருக்குதுங்க.' அந்தாளுக்கு ஒண்ணும் புரியல. டாக்டருக்கு என்ன தெரியும் இஞ்சினைப் பத்தி.

நீங்க என்ன அப்பிடிப் பாக்கறீங்க? வேணும்னே பண்ணினாங்கறீங்களா? போங்க தம்பி. அவளுக்கு அவ்வளவு சூது தெரியாது. நான் சொன்னதைச் செஞ்சா. சொல்லிக் குடுத்த சொல்லும் கட்டிக் குடுத்த சோறும் எத்தனை நாளைக்கும்பாங்க. என்ற ஊட்டுல நிக்குது பாருங்க. சொன்ன சொல்லு இம்மி நகரல. எனக்கு அவ மேல வருத்தமெல்லாம் இல்ல. ராத்திரிக்கு மட்டும்தான் கொஞ்சம் இதா இருக்கும்.

நெம்ப நல்லாப் பாத்துக்கறா. வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை. எல்லாம் நான் அந்தக் காலத்துல சொன்ன கணக்குப்படி. சோத்துல உப்பு ஒரு கல்லு கூடாது. தண்ணி மட்டும் போர்த் தண்ணிதான். வடிகட்டின தண்ணி குடுங்கன்னு டாக்டர் எழுதியே குடுத்தாரு. 'அவருக்குக் களத்துத் தண்ணிதான் சத்து'ன்னு சொல்லி அவளே நின்னு ஊத்தறா. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு அந்தக் கேஸ்கெட்டைச் சமையக்கட்டுல இருந்து எடுத்துட்டு வந்து என்ற கட்டிலுக்கு எதுத்தாப்புல செவுத்துல மாட்டியிருந்தா. நான் பாத்துட்டே கெடக்கட்டும்னுதான். படுத்தவனுக்குப் பொழுது போகோணுமில்ல. வேற பக்கம் திரும்பிப் படுக்க எனக்கு முடியாது, அதனால அதைத்தான் பாக்கறது.

ஆயிரம் கிலோமீட்டர் எப்பவோ தாண்டிருச்சு. இன்னும் நாப்பதுதான். இன்னைக்குக்கூட வர்றப்ப, எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, கொஞ்சம் சீக்கிரம் போலாமேன்னு சொன்னேன். 'நல்லா இருந்தப்பக் கற்பூரத்து மேல சத்தியம் வாங்குனீங்க. இப்ப நோவுல சொல்றதைக் கேட்டு மாத்தினா நாளைக்கு நீங்களே ஏசுவீங்க'ன்னா. அதுவும் நாயந்தானுங்களே.

ஆ, கேளுங்க. நின்னுருச்சு. ஃபேன் நின்னுருச்சுங்க. இப்ப வந்துருவா. கதவுச் சத்தம் கேக்குதா பாருங்க. அந்தக் கதவைக் கொஞ்சம் தொறந்தே வையுங்க, வந்தா எனக்குத் தெரியட்டும்.

கேக்கலீங்களா?

அட, மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு. வெயில்ல சும்மா நின்னு ஓடற இஞ்சின் அப்பிடித்தான், நிக்கும், ஓடும், நிக்கும், ஓடும். நல்லதுதானுங்க. சூடு இன்னும் ஆறல. ஆறட்டும்னு அவ ஓட உட்டிருக்கறா.

தம்பி, ஒரு ஒத்தாசை. இந்த வீல்சேருக்குப் பின்னால ஒரு துண்டு தொங்குது பாருங்க. அதை எடுத்து என்ற மடியில போட்டுடுங்க. கீழ தரையிலயும் கொஞ்சம் சொட்டியிருக்கும், எதையாச்சும் காலால தள்ளி அது மேல மறைச்சு உட்டுடுங்க. அந்த நர்ஸ் பொண்ணு வந்துட்டிருக்குது.